சைவ வீட்டுக் குய்

1

எங்கள் மாடியில் இப்போது பதினாறு குய்கள் இருக்கின்றன. இதை விசாரிக்கப் போன வாரம் முனிசிபாலிட்டியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார்.

குய் என்றால் என்னவென்று ஊரில் இருப்பவர்கள் கேட்பீர்கள். பள்ளிப் புத்தகத்தில் கினிப்பன்றி என்று போட்டிருக்கும். பன்றிக்கும் அதற்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. பெருச்சாளி அளவு இருக்கும், வால் இல்லை, முகம் முயல் ஜாடை. பசித்தால் குய் குய் என்று கத்தும், அதையே பெயராக வைத்துவிட்டார்கள். நான் இருக்கும் பெரு நாட்டில் அதை அடுப்படியில் வளர்த்து, விசேஷ நாளில் சாப்பிடுவார்கள். பல்லாயிரம் வருடமாக அப்படித்தான்.

அதிகாரியின் படிவத்தில் ‘வளர்ப்பதன் நோக்கம்’ என்று ஒரு வரி. பக்கத்தில் மூன்று கட்டம். சொந்த உணவுக்கு, விற்பனைக்கு, இனவிருத்திக்கு.

“மூன்றும் இல்லை” என்றேன்.

“நோக்கம் இல்லாமல் பதினாறா?”

“முதலில் ஒன்றுதான் இருந்தது.”

அவர் இனவிருத்தி என்ற கட்டத்தில் டிக் அடித்தார். அடுத்த வரிக்குப் போனார். “கடைசியாக எப்போது அறுத்தீர்கள்?”

சைவ வீடு, இங்கே அறுக்கிற பேச்சே கிடையாது என்று சொல்லியிருக்கலாம். பதினோரு வருடமாக இந்த ஊரில் யார் கேட்டாலும் அதைத்தான் சொல்லி வந்தேன். அன்று வாய் வரவில்லை. “போன மாதம்” என்றேன். அவர் எழுதிக்கொண்டார். அவருக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

2

நான் ஸ்பின்னிங் மாஸ்டர். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பஞ்சாலையில் இருபது வருடம் பருத்தி நூல் பார்த்தேன். பிறகு அரெகிப்பா என்னும் இந்த மலை நகரத்தில், அல்பாக்கா என்ற, ஒட்டகச் சாயலில் சடைமுடியோடு இருக்கும் மிருகத்தின் ரோமத்தை நூலாக்கும் ஆலையில் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முன்னால் மாமனார் கேட்டது ஒரே கேள்வி. “அந்த ரோமத்த எடுக்க மிருகத்தக் கொல்லணுமா மாப்ள?”

இல்லை, நமக்கு முடிவெட்டுகிற மாதிரிதான் என்றேன். அதற்குப் பிறகுதான் என் மனைவி கோமதி பெட்டி கட்டினாள். வயதான அல்பாக்கா எங்கே போகும் என்று அவர் கேட்கவில்லை. ஆலைக்கு எதிர்த்த ஓட்டலின் கரும்பலகையில் தினமும் எழுதிப் போட்டிருப்பான். பதினோரு வருடத்தில் ஒருநாள்கூட நான் அதைக் கோமதிக்கு வாசித்துக் காட்டியதில்லை.

இதில் எனக்கு வீட்டிலேயே பயிற்சி உண்டு. எங்களுக்குக் கால்வாய்ப் பாசனத்தில் வயல் இருந்தது, ஒரு ஜோடி உழவுமாடும் இருந்தது. மாடு ஓய்ந்துவிட்டால் ஒரு குறிப்பிட்ட நாளில் அப்பா திருச்செந்தூருக்குக் கும்பிடப் போய்விடுவார். அன்றைக்குப் பார்த்துத் தரகர் வருவார். அப்பா விபூதிப் பொட்டலத்தோடு திரும்பும்போது தொழுவத்தில் ஒரு கயிறு காலியாகக் கிடக்கும். சந்தைக்குப் போன மாடு என்ன ஆனது என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. அப்பா வருடத்தில் இரண்டு மூன்று தடவை திருச்செந்தூர் போவார், அதில் எது பக்தி, எது மாடு என்று எங்களுக்குத் தெரியும்.

3

ஸ்பெயின்காரன் கப்பலில் வந்து இறங்கும்வரை இந்த நாட்டில் மாடு கிடையாது. குதிரை, கழுதை கிடையாது. நம் ஆடும் கோழியும்கூடக் கிடையாது. இருந்ததெல்லாம் அல்பாக்கா, அதற்கு அண்ணன் முறையான லாமா, குய், ஒரு ஜாதி வாத்து, நாய். அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு ஒரு பேரரசையே நடத்தியிருக்கிறார்கள்.

என் அண்ணன் ஓய்வுபெற்ற தாலுகா ஆபீஸ் ஹெட் கிளார்க். வாரம் ஒருமுறை போனில் கூப்பிடுவான். பொங்கல் சமயத்தில் இதைச் சொன்னேன்.

“அப்போ பாலுக்கு என்னலே செஞ்சானுவ?”

“பாலே கறக்கல.”

“லாமாவக் கறக்கலாம்லா?”

“யாரும் கறக்கலண்ணே.”

“சாமிக்கு அபிசேகம்?”

“சோளக் கஞ்சிய புளிக்கவச்சு ஊத்திருக்கான்.”

“கள்ளாலே?”

“கிட்டத்தட்ட.”

“வெளங்கிரும்” என்று போனை வைத்துவிட்டான்.

ஏர் இழுக்கவும் மிருகம் இல்லை. ஆட்கள் கடப்பாரை மாதிரி ஒரு கோலைக் காலால் மிதித்து இறக்கியே நிலத்தைக் கிளறியிருக்கிறார்கள். பாரம் சுமக்க லாமா மட்டும்தான். அதுவும் முப்பது கிலோவுக்கு மேல் ஏற்றினால் உட்கார்ந்துவிடும். அடித்தாலும் எழுந்திருக்காது, முகத்தில் துப்பும். இருந்தும் மலை மலையாக உப்பும் சோளமும் அதன் முதுகில்தான் போயிருக்கின்றன. ஒரே ஆளால் ஆகாது என்றால் கூட்டமாகப் போக வேண்டியதுதான். எங்கள் ஆலைத் தொழிற்சங்கமும் கிட்டத்தட்ட இதே முறையில்தான் நடக்கிறது.

வான்கோழிக்கும் பூர்வீகம் இதே கண்டத்தின் வடபாதிதான். பாளையங்கோட்டையில் என்னோடு படித்த சாமுவேல் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு வளர்ப்பார்கள். அது எங்களைத் தெருமுனை வரை விரட்டும். அது இவ்வளவு தூரத்திலிருந்து வந்தது என்று தெரிந்திருந்தால் கொஞ்சம் மரியாதையாக ஓடியிருப்போம்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது என் மகள் வடிவு. பதினாறு வயது. பள்ளியில் யார் வாயிலும் ‘வ’ வராமல் அவளைப் பதிபு என்கிறார்கள், அவளும் அந்தப் பெயருக்குத்தான் முதலில் திரும்புகிறாள். மிருக வைத்தியம் படிக்க வேண்டுமாம். ஒருநாள் பாடத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தவள், “குதிரையப் பாத்ததும் நாங்க பயந்துட்டோம்ப்பா, அதுக்கு முன்ன பாத்ததே இல்லல்லா” என்றாள். அந்த ‘நாங்க’வில் நான் இல்லை. குதிரையைப் பார்த்து எப்போது பயந்தாய் என்று கேட்க நினைத்து, விட்டுவிட்டேன்.

4

போன வருடம் கோமதிக்கு வலது விலாவுக்குக் கீழே வலி ஆரம்பித்தது. வரும், போகும். டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். இன்ஷூரன்ஸ் கவுண்டரில் மூன்று பாஸ்போர்ட்டையும் நீட்டினேன்.

இங்கே கல்யாணம் ஆனாலும் பெண்கள் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரை விடுவதில்லை. கோமதியின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் என் பெயர், ஆறுமுகம். வடிவுக்கும் அதே. என்னுடையதில் என் அப்பா பெயர், சங்கரலிங்கம். கவுண்டர் பெண் மூன்றையும் ஒருமுறை பார்த்தாள், உடனே புரிந்துகொண்டாள். கோமதியும் வடிவும் அக்கா தங்கை. ஆறுமுகம் குடும்பத்துப் பெண்கள். கூட வந்திருக்கும் சங்கரலிங்கம் குடும்பத்து ஆள் யாரோ.

“இவள் என் மனைவி” என்றேன்.

“இருக்கலாம், ஐயா. காகிதத்தில் இல்லையே.”

காய்ச்சல் தலைவலிக்கு இத்தனை வருடம் யாரும் இதைக் கேட்டதில்லை. பெரிய ஸ்கேன் என்றதும் கேட்டார்கள். கல்யாணச் சான்றிதழின் நகலை அம்பாசமுத்திரத்தில் அண்ணன் எடுத்து, சென்னையில் முத்திரை வாங்கி அனுப்பி, அதை இங்கே அங்கீகாரம் பெற்றவர் மொழிபெயர்த்து, அதற்கும் ஒரு முத்திரை வாங்கி, ஸ்கேனுக்குத் தேதி கிடைக்கப் பத்து மாதம் ஆயிற்று. பத்து மாதமும் வலி வந்து போய்க்கொண்டிருந்தது.

இந்தச் சமயத்தில்தான் கீழ்வீட்டு பெலிப்பா அம்மாள் உள்ளே வந்தாள். வீட்டுக்காரி. லாமா மேய்க்கும் மலைக் கிராமத்தில் பிறந்த விதவை. கோமதி அவளிடம் நெல்லைத் தமிழில் பேசுவாள், அவள் கோமதியிடம் ஸ்பானிஷில் பேசுவாள், இருவரும் சிரிப்பார்கள். நடுவில் மொழிபெயர்க்கப் போனால் என்னை இரண்டு பேரும் முறைப்பார்கள்.

“ஆஸ்பத்திரி பார்க்கிறபோது பார்க்கட்டும். என் அண்ணனை வரச் சொல்கிறேன். குய்யை வைத்துத் தடவி எடுத்தால் எங்கே கோளாறு என்று தெரிந்துவிடும்” என்றாள் பெலிப்பா.

கோமதி அதை எப்படிப் புரிந்துகொண்டாள் என்பதுதான் விஷயம். மிளகாய் வற்றல், உப்பு, தெருமண் எடுத்துத் தலையிலிருந்து கால்வரை சுற்றி அடுப்பில் போடுவோமே, அந்தக் கணக்கு. இங்கே மிளகாய்க்குப் பதில் ஒரு குட்டி மிருகம். “சுத்திப் போடுதாவளாம். நல்லதுதான, வரட்டும்” என்றாள். சுற்றிய மிளகாயை அடுப்பில் போடுகிறோமே, சுற்றிய மிருகத்தை என்ன செய்வார்கள் என்று எனக்கும் தோன்றவில்லை. சைவக்காரனுக்கு அந்த இடத்தில் புத்தி போகாது.

நான் காலை ஷிப்ட் முடிந்து வரும்போது சடங்கு பாதிக்குமேல் ஆகிவிட்டது. பெலிப்பாவின் அண்ணன், ஒரு கிழவர், கறுப்புக் குய் ஒன்றைக் கோமதியின் தலை, தோள், வயிறு, கால் என்று முணுமுணுத்தபடி தடவினார். கோமதி கைகூப்பி உட்கார்ந்திருந்தாள். அது கண்ணை உருட்டிக்கொண்டு பேசாமல் இருந்தது. முடிந்ததும் கிழவர் தட்டு கேட்டார். கொடுத்தாள். பிறகு இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார்.

அவ்வளவுதான். கோமதி அவர் கையிலிருந்ததைப் பிடுங்கி முந்தானையில் சுற்றிக்கொண்டு பூஜையறைக்குள் போய்த் தாழ் போட்டுவிட்டாள். பூஜையறை என்றால், சுவரில் பதித்த ஒரு துணி அலமாரியும் அதற்கு முன்னால் ஆள் உட்காருகிற இடமும்.

“ஏங்க, இத அறுக்கணுமாம்! நம்ம வீட்ல!” என்று உள்ளேயிருந்து சத்தம்.

கிழவர் என்னிடம் நிதானமாக விளக்கினார். உங்கள் மனைவியின் நோய் இப்போது அதற்குள் இருக்கிறது. திறந்தால் எந்த உறுப்பு என்று காட்டும். திறக்காமல் விட்டால் நோய் இந்த வீட்டிலேயே இருக்கும். நான் இதைக் கதவு வழியாகச் சொன்னேன்.

“இருந்துட்டுப் போவுது! எனக்கு வந்தத நான் பாத்துக்கிடுதேன். வாயில்லாத சீவன் தலையில எதுக்குக் கட்டணும்?”

கிழவர் காணிக்கை வாங்காமல் போய்விட்டார். பெலிப்பா வாசலில் நின்று சொன்னாள். “நோயை மடியில் வைத்துக் கீரை கொடுக்கப் போகிறாள் உன் மனைவி.” அப்புறம் நெடுநாள் மாடிக்கு வரவில்லை.

கீரையும் கொடுத்தாள். குதிரைமசால் தழையும் கொடுத்தாள். மூன்று வாரத்தில் அது இரண்டு குட்டி போட்டது. அதில் ஒன்று கடுவன். மற்றதைச் சொல்ல வேண்டியதில்லை.

5

அண்ணன் வீடியோவில் பார்த்துவிட்டுக் கேட்டான். “ஏலே, அவ்வளவு தூரம் போயி பெருச்சாளியா வளக்கே?”

யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றால், வாங்குகிறவர்கள் எல்லாரும் நன்றி சொல்லிவிட்டு எப்படிச் சமைப்பார்கள் என்றும் சொல்வார்கள். ஆகவே கொடுக்க முடியவில்லை. எட்டு ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. ஒருநாள் சாப்பாட்டில் கோமதி இதைப் புலம்பும்போது வடிவு தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“நான் சாப்பிட்டிருக்கேன்ம்மா.”

“என்னத்த?”

“குய். லூசியா வீட்ல. நாலு வருசமா. அவ பிறந்தநாளுக்கு.”

கோமதி எழுந்து போய்க் கை கழுவினாள். திரும்பி வந்து உட்கார்ந்து, “மோர் ஊத்தவா?” என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை. வடிவு மட்டும் அன்று இரண்டு தடவை மோர் வாங்கிக்கொண்டாள்.

அவள் என்னிடம் தனியாகச் சொன்னாள். “இங்க எந்த மிருகத்தையும் சும்மா வளக்கலப்பா. சுமக்க ஒண்ணு, ரோமத்துக்கு ஒண்ணு, திங்க ஒண்ணு. அம்மாதான் மொதல் ஆளு.”

நான் மூடநம்பிக்கை இல்லாதவன் என்று ஆலையில் பெயர். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். கோமதி விலாவைப் பிடித்துக்கொள்ளும்போதெல்லாம் என் கண் அந்தக் கறுப்புக் குய்யிடம்தான் போகும். அது தின்கிறதா, சோர்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன். ஒருநாள் அது தழையைத் தொடாமல் மூலையில் கிடந்தது. நான் அரைநாள் லீவு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் தின்ற பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. எனக்கு அப்படியொரு பயம். பதினோரு வருடத்தில் இந்த ஊரில் எனக்கென்று இருந்தது கோமதியின் குரல் ஒன்றுதான்.

கோமதிக்கு அந்தப் பயம் எதுவும் தெரியவில்லை. மத்தியானம் முற்றத்து வெயிலில் அதை மடியில் போட்டுக்கொண்டு கண்ணயர்வாள்.

6

கடைசியில் காகிதப்படியும் கோமதி என் மனைவி ஆனாள். ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பையில் கல் இருந்தது. அது பரவாயில்லை. ஈரலில் ஒரு நிழல் தெரிந்தது. அது என்னவென்று படத்தில் சொல்ல முடியாது என்றார் டாக்டர். “திறந்து பார்த்தால்தான் தெரியும்.”

படியிறங்கும்போது கோமதி சொன்னாள். “அந்தக் கெழவனும் இதத்தான சொன்னான்.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாளே அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மறுநாள் காலை எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். நான்கு மணி நேரம் ஆகும், வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள் என்றார்கள். போனேன். மாடியேறி, அந்தக் கறுப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, பெலிப்பாவின் கதவைத் தட்டினேன்.

அவள் என்னையும் பார்த்தாள், அதையும் பார்த்தாள்.

“கோமதிக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“தெரியாமல் செய்தால் அது வைத்தியமா, சமையலா என்று எனக்குத் தெரியவில்லையே.”

“உள்ளே அவளை இந்நேரம் திறந்திருப்பார்கள். இதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.”

“என் அண்ணன் மலைக் கிராமத்தில் இருக்கிறான்.”

“உங்களுக்குப் பார்க்கத் தெரியும் என்று எனக்குத் தெரியும்.”

“மறுபடி உடம்பில் தடவ வேண்டுமே?”

“இத்தனை மாதமாக அவள் மடியில்தானே கிடக்கிறது.”

பெலிப்பா கையை நீட்டினாள். வாங்கிக்கொண்டாள். வெளியே நிற்கிறாயா என்று கேட்டாள். இல்லை, இருக்கிறேன் என்றேன். அப்பாவாக இருந்தால் திருச்செந்தூர் போயிருப்பார் என்று ஒரு நொடி நினைத்தேன். அது என் கையைத் தெரிந்த மிருகம், கடைசிவரை கத்தவில்லை. கத்தியிருந்தால் நிறுத்தச் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை.

பெலிப்பா தட்டில் வைத்து, ஜன்னல் பக்கம் திருப்பி, ஒவ்வொன்றாகப் பார்த்தாள். விரல் நுனி அளவு ஈரல். கழுவிவிட்டது மாதிரி இருந்தது. “சுத்தம்” என்றாள். “ஒரு கறைகூட இல்லை.”

எனக்குச் சந்தோஷம் வந்தது. மறைப்பானேன், அப்படியொரு சந்தோஷம். பெலிப்பாவின் கையைப் பிடித்து அழுதேன். பிறகு தட்டைப் பார்த்தேன்.

பின்கொல்லையில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, கைகாலை மட்டும் கழுவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். குளிக்க நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டாக்டர் வெளியே வந்து, கல்லை எடுத்தாயிற்று, ஈரலிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம், முடிவு வரப் பத்து நாள் ஆகும் என்றார்.

7

ஐந்தாம் நாள் கோமதி வீட்டுக்கு வந்தாள். சேலையை மாற்றியதும் மாடி முற்றத்தைப் பார்த்தாள்.

“கறுப்ப எங்க?”

“செத்துப் போச்சு” என்றேன். “நீ இல்லாத ஏக்கம்போல.”

“அப்படியா” என்றாள். வடிவு தலை நிமிராமல் தழை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

பத்தாம் நாள் முடிவு வந்தது. ஈரலில் இருந்தது சும்மா ஒரு ரத்தக்குழாய் முடிச்சு, பிறவியிலேயே இருந்திருக்கும், கவலைப்பட ஒன்றும் இல்லை. அண்ணனுக்குப் போன் செய்தேன். அவன் உடனே சுவாமி சன்னதியில் அர்ச்சனைக்குச் சொல்லப் போனான். வடிவு அம்மாவைக் கட்டிக்கொண்டு இரண்டு மொழியிலும் அழுதாள்.

சாயங்காலம் முற்றத்தில் கோமதியும் நானும் மட்டும் இருந்தோம். அவள் மடி காலியாக இருந்தது.

“பெலிப்பா ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தா, ரெண்டாம் நாளு” என்றாள். “நீங்க டீ குடிக்கப் போயிருந்தீய. வயித்தத் தொட்டுக் காட்டி, தட்டு மாதிரி கையக் காட்டி, சுத்தம் சுத்தம்னு சிரிச்சா. வடிவுதான் தமிழ்ல சொன்னா. எனக்குச் சந்தோசமான சேதி சொல்லுதோம்னு நெனச்சிருக்கா, பாவம். நீங்க மறைக்கச் சொல்லல போலருக்கு.”

நான் குய்களுக்குத் தழை போட எழுந்தேன்.

“அதுல என்ன இருந்துச்சு?”

“ஒண்ணும் இல்ல.”

“எனக்கும் ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாவ. அப்போ அது எதுக்குப் போச்சு?”

“எனக்குப் பயமா இருந்துச்சு, கோமு.”

“எனக்கும்தான் இருந்துச்சு” என்றாள். “எனக்கு இல்லாத பயமா? நான் அறுக்கச் சொன்னேனா?”

எதிர்வீட்டுச் சுவரில் வெயில் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“பத்து நாளா தீட்டோட அலையுதீய. போயித் தலைக்கு ஊத்திட்டு வாங்க.”

போனேன். வெந்நீர் போட்டு வைத்திருந்தாள்.